அம்பு ஊடுருவும் ஆற்றல்

புறநானூற்றின் 152 ஆம் பாட்டு, வல்வில் ஓரியின் வேட்டைத் திறத்தை வன்பரணர் வியந்து பாடியது. ஓரி விடுத்த கணை ஒன்று யானையை வீழ்த்தி, புலியின் உயிரைப் போக்கி, புள்ளிமான் கலையை உருட்டி, காட்டுப் பன்றியைச் சாய்த்து, ஈற்றிலே புற்றிற் கிடந்த உடும்பின் உடலிற் சென்று தங்கியது என்பது அப்பாட்டுத் தரும் செய்தி. வகுப்பறையில் இதனைப் படிக்கும் மாணவர், ‘ஓர் அம்பு இவ்வளவையும் செய்ய வல்லதா?’ என வினவுதல் இயல்பு. உயர்வுநவிற்சி என்று கூறி ஆசிரியர் அப்பாற் சென்றுவிடுவதும் இயல்பே. அவ்விடை அணியிலக்கணத்துக்குப் போதுமானது. ஆயினும், விலங்கின் உடலினுள் அம்பு எவ்வளவு ஆழம் செல்லும், அந்த ஆழத்தை வரையறுப்பவை எவை என்னும் வினாக்கள் அணியிலக்கணத்தின்பாற் பட்டவையல்ல; பௌதிகத்தின்பாற் பட்டவை. அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சிக்கு யானையை விடுத்து மானை எடுத்துக்கொள்வோம். ஏனெனில், வட அமெரிக்காவிலே வெண்வால் மானை வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடச் சட்டம் இடமளிக்கின்றது. விஸ்கொன்சின் மாநிலம் 1934 ஆம் ஆண்டில் வில் வேட்டைக்கெனத் தனிப் பருவத்தை வகுத்தது. பிற மாநிலங்களும் பின்னர் அவ்வழியைப் பின்பற்றின. ஆகவே, பல நூற்றாண்டுகளுக்கு முன்னே போர்க்களத்திலிருந்து நீங்கிவிட்ட அம்பைப் பற்றி அங்கே வேட்டுவரும் விஞ்ஞானிகளும் நுணுகி ஆராய்ந்துள்ளனர்.

முதற்கண், துப்பாக்கிக் குண்டும் அம்பும் ஒரே வகையாற் கொல்வன அல்ல என்பதை உணர்தல் வேண்டும். மான் வேட்டைக்குரிய துப்பாக்கி ஒன்றின் 12 கிராம் திணிவுள்ள குண்டு செக்கனுக்கு 800 மீற்றர் வேகத்தோடு செல்கின்றது எனக் கொள்வோம். அதன் இயக்கசக்தி 3,840 யூல் ஆகும். நல்ல மரவில்லிலிருந்து புறப்படும் பாரமான அம்பு ஒன்றின் இயக்கசக்தியோ 46 யூல் அளவினதே. அஃதாவது, குண்டின் சக்தியில் எண்பதில் ஒரு பங்கினும் குறைந்தது. குண்டு உடலினுட் புகுந்ததும் விரிந்து, தன் பெருஞ் சக்தியைச் சுற்றியுள்ள தசையிற் கொட்டி, அதனைச் சிதைக்கின்றது. அம்பிடம் அவ்வாறு கொட்டுதற்கு எதுவும் இல்லை. அது வெட்டுகின்றது, குருதிக் குழாய்களை அறுத்துச் செல்கின்றது, அறுந்த குழாய்களினின்றும் குருதி வடிவதாலும், சுவாசப்பைகள் காற்றை இழந்து ஒடுங்குவதாலும் விலங்கு இறக்கின்றது. எனவே, அம்பைப் பொறுத்தவரையில் ஆழமே அனைத்தும் எனலாம்.

இவ்வாழத்தைப் பொறுத்தே விலங்கின் துன்பமும் அமைகின்றது. கூரிய அம்பு மானின் மார்புக் கூட்டை ஊடுருவி இரு சுவாசப்பைகளையும் வெட்டி மறுபுறம் வெளியேறுமாயின், அவ்விலங்கு சில செக்கன்களில் நினைவிழந்து, சிறிது தூரத்திலேயே வீழ்கின்றது. இரு புறமும் துளை ஏற்படுவதால் குருதித் தடமும் தெளிவாகக் கிடைக்கின்றது. அம்பு பாதி வழியில் நின்றுவிடின், மான் அதனைச் சுமந்தவாறே புதர்களினூடே ஓடி மறையும். வேட்டுவனுக்கும் கிட்டாது, விரைந்து சாவதும் இன்றி, நாட்கணக்கில் வருந்தவும் கூடும். இவ்வச்சம் காரணமாகவே சில நாடுகள் வில் வேட்டையை முற்றாகத் தடுத்துள்ளன. பிரித்தானியாவில் 1981 ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டம் காட்டு விலங்குகளைக் கொல்ல வில்லைப் பயன்படுத்துவதை விலக்கியது. வேட்டையை ஒப்புவோரும் ஒப்பாதோரும் இந்த ஓர் இடத்தில் ஒன்றுபடுகின்றனர்: அம்பு முழுதும் ஊடுருவாதெனின், அதனை எய்தலாகாது.

இனி, அம்பு தன் சக்தியை எங்ஙனம் பெறுகின்றது என்பதை நோக்குவோம். நாணை இழுப்பவன் வேலை செய்கின்றான். அவ்வேலை வளைந்த வில்லினிடத்தே நிலைப்பண்புச் சக்தியாகத் தங்குகின்றது. முழுதும் இழுத்த நிலையில் 54 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 240 நியூற்றன், விசை வேண்டும் வில் ஒன்றை அரை மீற்றர் தூரம் இழுப்பதாகக் கொள்வோம். விசை பூச்சியத்திலிருந்து படிப்படியாக உயர்வதால் சராசரி விசை 120 நியூற்றன். தேங்கும் சக்தி 60 யூல். இச்சக்தி முழுவதும் அம்புக்குச் செல்வதில்லை. வில்லின் கைகளும் நாணும் அம்போடு சேர்ந்து இயங்குவதால், தமக்குரிய பங்கை அவை எடுத்துக்கொள்கின்றன.

இப்பங்கீட்டை எளிமையாக விளக்கியவர் அமெரிக்கப் பௌதிக அறிஞர் போல் குளொப்ஸ்ரெக் ஆவார். 1943 ஆம் ஆண்டில் வில்லின் பௌதிகம் பற்றி அவர் வெளியிட்ட கட்டுரை இத்துறையிற் பெரிதும் போற்றப்படுவது. வில்லின் கைகளும் நாணும் இயங்குவதால் உண்டாகும் இழப்பை, அம்பின்மேல் ஏற்றி வைத்த ஒரு தோற்றத் திணிவாகக் கருதலாம் என்பது அவர் கண்ட வழி. அத்தோற்றத் திணிவு 12 கிராம் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவோம். 25 கிராம் அம்பு ஒன்று 60 யூலில் 37 இல் 25 பங்கைப் பெறும். அஃது ஏறக்குறைய 40.5 யூல். 40 கிராம் அம்போ 52 இல் 40 பங்கைப் பெறும். அஃது ஏறக்குறைய 46 யூல். முன்னையதன் வேகம் செக்கனுக்கு 57 மீற்றர். பின்னையதன் வேகம் 48 மீற்றர். வில் ஒன்றே, இழுப்பும் ஒன்றே. ஆயினும் மெதுவாகச் செல்லும் பாரமான அம்பே மிகுந்த சக்தியைக் கொண்டு செல்கின்றது. வேகமே ஆற்றல் என எண்ணுவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

நுனிகளிற் கப்பி போன்ற சில்லுகளைப் பொருத்திய வில்லை அமெரிக்கரான ஹொலிஸ் வில்பர் அலன் என்பவர் உருவாக்கி, 1966 ஆம் ஆண்டில் உரிமைக்கு விண்ணப்பித்து 1969 ஆம் ஆண்டிற் பெற்றார். இவ்வகை வில் இழுப்பின் பெரும்பகுதியிலும் உயர்ந்த விசையை வேண்டி நிற்பதால், அதே இழுப்பில் மிகுந்த சக்தியைத் தேக்குகின்றது; முழுதும் இழுத்த நிலையிலோ கைக்குப் பாரம் குறைகின்றது. இன்றைய வேட்டுவர் பலர் இதனையே கையாளுகின்றனர். எனினும், மேலே கூறிய பங்கீட்டு விதி இதற்கும் பொருந்தும்.

அம்பு இலக்கை அடைந்தபின் நிகழ்வது யாது? இங்கே அறிஞரிடையிலும் வேட்டுவரிடையிலும் நெடுங்கால வாதம் ஒன்றுண்டு. ஆழத்தை வரையறுப்பது இயக்கசக்தியே என்பர் ஒரு சாரார்; திணிவையும் வேகத்தையும் பெருக்கி வரும் உந்தமே என்பர் மற்றொரு சாரார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. எது பொருந்தும் என்பது எதிர்ப்படும் தடையின் இயல்பைப் பொறுத்தது.

வேகம் எதுவாயினும் தடைவிசை மாறாதிருப்பின், அவ்விசையை ஆழத்தாற் பெருக்க வருவது அம்பு செய்த வேலையாகும். அது தொடக்கத்தில் இருந்த இயக்கசக்திக்குச் சமம். ஆகவே ஆழம் இயக்கசக்திக்கு ஏற்ப அமையும். வேகம் கூடுந்தோறும் தடைவிசையும் அதே வீதத்திற் கூடுமாயின், நியூற்றனின் இரண்டாம் விதிப்படி கணக்கிட, ஆழம் உந்தத்துக்கு ஏற்ப அமைதல் பெறப்படும். நீரிற் போலத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுமாயின், வேகத்தினாற் கிட்டும் ஆதாயம் மிகவும் சுருங்கி, திணிவே தலைமை பெறும். நமது எடுத்துக்காட்டில், பாரமான அம்பு இலேசான அம்பினும் நூற்றுக்கு 14 பங்கு மிகுந்த இயக்கசக்தியும், நூற்றுக்கு 35 பங்கு மிகுந்த உந்தமும் உடையது. எனவே எவ்வகைத் தடையிலும் அதுவே ஆழமாகச் செல்லும். வேகத்தோடு வளரும் தடையில் அதன் மேன்மை இன்னும் மிகும்.

முன்னர்க் கூறிய குண்டையும் அம்பையும் இப்போது மீண்டும் ஒப்பிடலாம். சக்தியில் அம்பு எண்பதில் ஒரு பங்கினும் குறைந்ததாயினும், உந்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு உடையது. மணல் நிறைந்த பையொன்றில் எய்யப்படும் அம்பு, வேட்டைத் துப்பாக்கிக் குண்டினும் ஆழமாகச் சென்று காண்போரை வியக்கச் செய்வதன் காரணம் இதிற் பெரும்பாலும் அடங்கியுள்ளது. அதிவேகக் குண்டை மணல் அதிவிசையோடு எதிர்க்கின்றது. குண்டும் உருக்குலைந்து அகல்கின்றது. மெதுவாகவும் நீண்டும் வரும் அம்பு தன் முழுத் திணிவையும் ஒரு சிறு முனையின் பின்னே அணிவகுத்து நிறுத்தி முன்னேறுகின்றது.

மானின் உடலிலே ஒரே வகைத் தடை மாத்திரம் இல்லை. மயிரும் மீள்தன்மையுடைய தோலும் முதலில் எதிர்ப்படுகின்றன. பின்னர் விலா என்புகளும் அவற்றிடையேயுள்ள தசையும். அதன்பின் காற்று நிறைந்து மென்மையான சுவாசப்பை. மறுபுறத்தில் மீண்டும் விலாவும் தோலும். விலா என்பு மெல்லியது. நல்ல அம்பு அதனை வெட்டிச் செல்லும். தோட்பட்டை என்பின் தடித்த முகடும் முன்காலின் மேல் என்பும் அத்தகையன அல்ல. அங்கே பட்ட அம்பு பெரும்பாலும் நின்றுவிடும். நேர் பக்கவாட்டில் நிற்கும் மானின் மார்பைக் கடத்தற்கு வேண்டிய ஆழத்தை ஓர் அலகாகக் கொள்ளின், 45 பாகை சாய்ந்து செல்லும் அம்பு 1.4 அலகு செல்லுதல் வேண்டும். ஆதலால், அம்பின் ஆற்றலைப் போலவே மான் நிற்கும் நிலையும் கணக்கிற் சேர்க்கப்பட வேண்டியதாகும்.

சக்தி எவ்வளவு என்பது ஒரு பாதி; அதனை வழியில் வீணாக்காமை மறு பாதி. வீணாகும் வழிகளுள் தலையாயது அம்பின் கோணலான செலவு. நாண் பின்னிருந்து தள்ளும் கணத்தில் அம்புத் தண்டு வளைகின்றது. மரவில்லிலே அது வில்லின் நடுப்பகுதியைச் சுற்றிப் பாம்பு போல நெளிந்து வெளியேறுகின்றது. வில்லின் பக்கத்திலே வைத்து எய்யப்படும் அம்பு பக்கவாட்டில் விலகாது இலக்கை நோக்கியே செல்லும் விந்தைக்கு இந்நெளிவே காரணம். பெல் தொலைபேசி ஆய்வுகூடத்திற் பணியாற்றிய கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகப் படப்பிடிப்பின் மூலம் இதனைக் கண்ணாரக் காணச் செய்தார். தண்டின் விறைப்பு வில்லின் வலிமைக்கு ஏற்றதாயின், நெளிவு சில மீற்றர் தூரத்தில் அடங்கிவிடும். வாலிற் கட்டிய இறகுகள் காற்றின் தடையால் அம்பை நேராக்கும். ஏற்றதல்லாத அம்போ அசைந்தாடியவாறே சென்று தைக்கும். அப்போது முனை ஒரு திசையை நோக்க, வால் வேறு திசையில் உந்துகின்றது. ஆணியின் தலையிற் சுத்தியல் கோணலாக விழுந்தால் ஆணி மடிவதை அறியாதார் யார்? அதுவே இங்கும் நிகழ்கின்றது. முன்னேறப் பயன்பட வேண்டிய சக்தி தண்டை வளைப்பதிலும் துளையின் பக்கங்களை அழுத்துவதிலும் கழிகின்றது. அம்பின் ஈர்ப்பு மையம் முனையை நோக்கிச் சற்று முன்தள்ளி அமைவதும் நேரான செலவுக்குத் துணைபுரியும்.

அடுத்துக் கூறத்தக்கது முனையின் அமைப்பு. வேட்டை அம்பின் அகன்ற அலகு ஓர் ஆப்பு ஆகும். ஆப்பு என்பது சாய்தளத்தின் ஒரு வகை என்பதை மாணவர் அறிவர். இரண்டு அலகுகளின் அகலமும் ஓர் அங்குலம். ஒன்றன் நீளம் ஓர் அங்குலம், மற்றதன் நீளம் மூன்று அங்குலம் எனின், ஒரே முன்தள்ளு விசைக்கு நீண்ட அலகு பக்கங்களில் மூன்று மடங்கு விசையைச் செலுத்தும். என்பைப் பிளத்தற்கு இதுவே வேண்டப்படுவது. ஆயினும் மிகக் குறுகிய அலகு சிறிய காயத்தையே தரும். மிக அகன்றது வெட்டும் வேலையிலேயே சக்தியை இழந்து விரைவில் நிற்கும். தைக்கும்போது விரியும் அலகுகளை விரிப்பதற்கும் ஒரு பங்கு சக்தி செலவாகின்றது. வலிமை குறைந்த வில்லை உடையவனுக்கு ஒடுங்கிய, விரியாத அலகே தக்கது.

அலகின் வடிவத்துக்கு வேட்டுவர் எத்துணை மதிப்பளித்தனர் என்பதற்கு நமது நாட்டுச் சான்று ஒன்று உண்டு. கண்டி இராச்சியத்திற் சிறையிருந்து மீண்ட ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலிலே வேடரைப் பற்றி எழுதியுள்ளார். வேடர் இரவிலே கொல்லனின் பட்டறைக்கு வந்து, இறைச்சியைத் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய அம்பின் வடிவத்தில் வெட்டிய இலை ஒன்றையும் அதனருகே தொங்கவிட்டுச் செல்வராம். அவ்வடிவப்படி கொல்லன் செய்து வைப்பின் மேலும் இறைச்சி கொணர்வர். செய்யாதுவிடின் அவனுக்கு ஊறு விளையும். பேச்சின்றி நடந்த அவ்வாணிகத்திலே பேசியது அலகின் வடிவம் ஒன்றே.

வடிவம் எதுவாயினும் அதன் கூர்மை இன்றியமையாதது. அமுக்கம் என்பது விசையைப் பரப்பால் வகுக்க வருவது. விளிம்பு மெலியும்தோறும் பரப்புச் சுருங்கி, சிறு விசையும் பேரமுக்கமாகின்றது. மழுங்கிய அலகின் முன் தோல் இழுபட்டு நிற்கும். மீள்தன்மையுடைய குருதிக் குழாய்கள் அறாமல் ஒதுங்கிவிடும். இதனை விளக்கும் சான்று கலிபோர்ணியாவிலிருந்து கிடைக்கின்றது. 1911 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், தன் குலத்தார் அனைவரையும் இழந்த யாஹி இந்தியர் ஒருவர் ஒரோவில் என்னும் ஊரருகே வெளிப்பட்டார். இஷி என அழைக்கப்பட்ட அவர், 1916 ஆம் ஆண்டிற் சயரோகத்தால் இறக்கும்வரை கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் அரும்பொருட்சாலையில் வாழ்ந்தார். அப்பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சத்திரவைத்தியர் சாக்ஸ்ரன் போப் அவரிடம் வில்வித்தை பயின்று, தாம் கற்றதையும் சோதித்ததையும் 1918 ஆம் ஆண்டிலும் 1923 ஆம் ஆண்டிலும் நூல்களாக வெளியிட்டார். எரிமலைக் கண்ணாடிக் கல்லிற் செதுக்கிய முனையையும் உருக்கு முனையையும் மான்தோல் போர்த்த மென்பொருளில் எய்து ஒப்பிட்டபோது, கண்ணாடிக் கல் முனையே ஆழமாகச் சென்றதை அவர் கண்டார். உடைந்த அதன் விளிம்பு உருக்கினும் மெல்லியது. கல்முனை என்பிற் பட்டால் எளிதில் நொறுங்குவது வேறு. தசையை வெட்டுதலில் அது பின்தங்கியதன்று.

முனை கடந்தபின் தண்டு வருகின்றது. அலகு திறந்த வழியிலே தண்டு உராய்ந்து செல்கின்றது. உட்புகுந்த நீளம் கூடுந்தோறும் உராயும் பரப்பும் கூடுவதால் தடையும் வளர்கின்றது. உள்ளே சென்ற நீளத்துக்கு ஏற்பத் தடை வளருமாயின், ஆழத்தை இரட்டிப்பதற்கு நான்கு மடங்கு சக்தி வேண்டும் என்பது கணக்கிற் புலனாகும். எனவே, வில்லின் வலிமையைக் கூட்டிக் கூட்டி ஆழத்தைத் தேடுவதினும், தண்டை அலகின் கழுத்தினும் மெல்லியதாக்கி உராய்வைக் குறைத்தல் சிக்கனமான வழியாகும். ஒரே நிறையுள்ள இரு தண்டுகளுள் மெல்லியதே ஆழமாகச் செல்லும்.

இவை யாவும் ஒருங்கே அமைந்தும், தைக்கும் கணத்திலே அலகு மடிந்தாலோ தண்டு முறிந்தாலோ பயனில்லை. அமெரிக்கரான எட் அஷ்பி என்பவர் 1980 களில் தென்னாபிரிக்காவின் நேற்றால் பகுதியிலே, புதிதாகக் கொல்லப்பட்ட விலங்குகளின் உடலில் அம்புகளை எய்து சோதித்தார். பின்னரும் பல ஆண்டுகள் அப்பணியைத் தொடர்ந்தார். ஊடுருவலுக்குரிய காரணங்களை அவர் வரிசைப்படுத்தியபோது முதலிடம் பெற்றது அம்பு முறியாது மடியாது நிற்கும் உறுதி. இரண்டாமிடம் பெற்றது அதன் நேரான செலவு. நிறையின் பயனும் அவராற் காட்டப்பட்டது. தடித்த என்பை உடைத்துச் செல்வதற்கு ஏறக்குறைய 42 கிராமும் அதற்கு மேலும் நிறையுள்ள அம்புகள் சிறந்தன என்றார். வேகத்தைத் தலைமேற் கொண்டாடும் வணிக விளம்பரங்கள் நிறைந்த காலத்தில், அவர் கண்ட வரிசை சிந்திக்கத்தக்கது.

அங்ஙனமாயின் வேகத்தாற் பயனே இல்லையா? உண்டு. வேகமான அம்பின் பாதை தட்டையானது. தூரத்தைக் கணிப்பதில் நேரும் சிறு பிழை குறியைப் பெரிதும் தவறச் செய்யாது. நாணின் ஒலியைக் கேட்டு மான் வெருள்வதும் உண்டு. ஒலி 20 மீற்றர் தூரத்தை ஏறக்குறைய 0.06 செக்கனிற் கடக்கின்றது. செக்கனுக்கு 48 மீற்றர் வேகமுள்ள அம்புக்கு 0.42 செக்கன் வேண்டும். இடையிலுள்ள மூன்றிலொரு செக்கனில் மான் துள்ளுவதற்காக உடலைத் தாழ்த்திவிடும். சுவாசப்பையை நோக்கிச் சென்ற அம்பு முதுகெலும்பிலோ தோட்பட்டையிலோ தைக்கும். 57 மீற்றர் வேகமுள்ள அம்பு ஏறக்குறைய 0.35 செக்கனிற் செல்லும். எனினும், அம்பு எதுவும் ஒலியை முந்துவதில்லை. இக்குறையை வேகத்தால் வெல்ல முயல்வதினும், அணுகுதலால் வெல்வதே மேல். தூரம் பாதியானால் மானுக்குக் கிடைக்கும் அவகாசமும் பாதியாகும்.

பழைய வேட்டுவர் இதனைக் கணக்கின்றியே அறிந்திருந்தனர். இஷியின் வில் 45 இறாத்தல் அளவினது. இன்றைய விற்களோடு ஒப்பிட அது மெலிந்ததே. அவர் வேட்டைக்குச் செல்லுமுன் ஓடையில் நீராடி, நறுமணத் தழைகளை உடலிற் பூசிக்கொள்வார். மானின் தலையைப் பாடஞ்செய்து தன் தலையில் அணிந்து, புதரின் பின்னே அசைத்து மானைத் தன்பால் வருவிப்பார். வில்லின் குறைந்த ஆற்றலை அவர் பொறுமையால் நிறைவு செய்தார். கலகாரிப் பாலையின் சான் மக்கள் கண்ட வழி வேறு. அவர்களுடைய சிறு வில்லும் இலேசான அம்பும் ஆழமாகச் செல்வதற்கு அமைந்தவை அல்ல. ஒருவகை வண்டின் புழுவினின்றும் எடுத்த நஞ்சு தோலைக் கடந்தாற் போதும், எஞ்சியதை அதுவே செய்யும். நஞ்சைக் கையாளாதவனுக்கோ ஆழத்தைத் தவிர வேறு வழியில்லை.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். வில் தரும் சக்தி சிறிது. அச்சிறு சக்தியின் பெரும்பங்கை ஏற்றுக்கொள்ளும் நிறை, அதனைச் சிந்தாது கொண்டு செல்லும் நேர்மை, எதிர்ப்பைக் குறைக்கும் கூர்மையும் வடிவமும், உராய்வைத் தவிர்க்கும் மெல்லிய தண்டு, மோதலில் முறியாத உறுதி ஆகிய இவையே அம்பு எவ்வளவு ஆழம் செல்லும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஆற்றலைப் பெருக்குவதினும் பெற்ற ஆற்றலை வீணாக்காமையே இங்கே பெரிது. எஞ்சியது எய்பவனின் பொறுப்பு. எவ்வளவு தூரத்தில், எந்நிலையில் நிற்கும் விலங்கின்மீது எய்யலாம், எப்போது நாணைத் தளர்த்தி வாளாவிருத்தல் வேண்டும் என்பதை அவனே தெளிதல் வேண்டும். கணக்கு அறிந்தவனிடத்துக் கருணையும் இருத்தல் தகும்; முழுதும் ஊடுருவாது என ஐயுற்ற அம்பைத் தூணியில் வைத்திருப்பவனே நல்ல வில்லாளி.

ஓரியின் அம்புக்கு வருவோம். கையால் இழுக்கும் எந்த வில்லும் யானை முதல் உடும்பு ஈறாக ஐந்து விலங்குகளை ஒருங்கே துளைக்கும் சக்தியைத் தரமாட்டாது; அவ்வகையில் அது புலவர் கூறிய உயர்வுநவிற்சியே. ஆனால் வன்பரணர் அவ்விலங்குகளை நிறுத்திய முறையை நோக்குக. பேருடல் படைத்த யானை முதலில் நிற்கின்றது. சிற்றுடம்பாகிய உடும்பு ஈற்றில் நிற்கின்றது. அங்கே அம்பு மேற்செல்லாது தங்கிவிடுகின்றது. செல்லுந்தோறும் அம்பின் ஆற்றல் செலவாகும், செலவானபின் அது நிற்கும் என்பதை அப்புலவர் உணர்ந்தே பாடினார் எனக் கொள்வதில் தவறில்லை. புகழ்ச்சியை மிகைப்படுத்திய இடத்திலும் இயற்கையின் ஒழுங்கை அவர் மீறவில்லை.